அக்கா வீட்டுக் களிமண் வாளி

"உன் மண்டையில என்ன களிமண்ணா இருக்கு?" என்று அவளைக் கேட்காத வாத்தியார் பள்ளிக்கூடத்தில் ஒருவர்கூடக் கிடையாது. வாய்ப்பாடு தப்பினாலும் களிமண், வரைபடத்தில் ஆறு தப்பான பக்கம் ஓடினாலும் களிமண். இப்போது நாற்பத்தைந்து வயதில், தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குச் சோறு போடுவதே களிமண்தான். அந்த வாத்தியார்களில் ஒருவராவது வந்து இதைப் பார்த்துவிட்டுப் போகலாம், யாரும் வருவதில்லை. வீட்டில் அவள் சின்னவள், தெருவில் களிமண் மேடம். எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பாள். பார்க்கும் முகத்தில் ஒரு சிடுசிடுப்பு இருக்கும்.

சிடுசிடுப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்த ஊரார் குடிக்கும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஆர்சனிக் இருக்கிறது. யாரும் கொண்டுவந்து கொட்டியதல்ல, பூமிக்குள் பாறையிலிருந்து ஊறி வருவது. உலோகத்திலும் சேர்த்தியில்லை, உலோகம் அல்லாததிலும் சேர்த்தியில்லை, ஒரு இரண்டுங்கெட்டான். நிறமில்லை, வாசனையில்லை, ருசியில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு ஏறத்தான் செய்யும். இதை அவள் ஒவ்வொரு வாசலிலும் நின்று தொண்டை வறளச் சொல்லியிருக்கிறாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நல்லாக் கொதிக்க வெச்சுக் குடிச்சா போயிடும்ல மேடம்?" என்பார்கள். சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

அதற்குத்தான் களிமண். நல்ல பிசுபிசுப்பான களிமண்ணை எடுத்து, இரும்புச் சத்துள்ள கரைசலில் பிசைந்து, காயவைத்து, குருணையாக உடைத்து, சூளையில் சுடுவார்கள். சுட்டு எடுத்தால் ஒவ்வொரு குருணை மேலும் துரு மாதிரிச் சிவப்பாக ஒரு பூச்சு இருக்கும். அதை ஒரு வாளியில் நிரப்பி, மேலே கொஞ்சம் மணல் போட்டு, அடியில் துளைவிட்டு, இன்னொரு வாளிமேல் உட்கார வைத்தால் வடிகட்டி தயார். தண்ணீர் மெதுவாக இறங்கும்போது விஷம் அந்தச் சிவப்புப் பூச்சின்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். துணியில் ஒட்டுப்புல் ஒட்டுகிற மாதிரி, அவ்வளவுதான் விஷயம். இடமெல்லாம் நிரம்பிவிட்டால் குருணையை மாற்றவேண்டும். அதுவரைக்கும் அதைச் சும்மா விட்டுவிட வேண்டும்.

சும்மா விடுவதுதான் ஜனங்களுக்கு ஆகாத காரியம். வடிகட்டி என்றாலே அவர்களுக்குச் சல்லடை. சல்லடை என்றால் அழுக்கு அடைக்கும், அடைத்தால் தட்டவேண்டும், தட்டினால் போதாது, தேய்க்கவேண்டும். "இது சல்லடை இல்லைங்க, நோண்டாம விடுங்க" என்று அதட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள் சின்னவள். ஏன் என்று உட்கார்ந்து விளக்க அவளுக்குப் பொறுமை கிடையாது.

அந்தத் தெருவில் முதல் வடிகட்டியை அவள் வைத்தது சொந்த அக்கா வீட்டில். அக்கா, பெரியவள், இவளைவிட எட்டு வயது மூத்தவள். பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலையிலிருந்து நின்ற பிறகு முழுநேரமும் வீட்டைத் துடைப்பதையே வேலையாக வைத்துக்கொண்டவள். அவள் வீட்டுத் தரையில் கீழே விழுந்ததை எடுத்து அப்படியே வாயில் போடலாம். ஆனால் கீழே போட்டதற்குத் திட்டு விழும். செருப்பை வாசலில் கழற்றினால் போதாது, ஜோடியாக, மூக்கு வெளியே பார்த்தபடி வைக்கவேண்டும். அவள் புருஷன் இருந்தவரைக்கும் வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் வாசலில் நின்று தன்னைத்தானே தட்டிக்கொள்வார், பாவம்.

முதல் வடிகட்டி அங்கே போனதற்குக் காரணம் பெரியவளின் மகள். இருபத்தாறு வயதாகியும் எல்லோருக்கும் குட்டிதான். கல்யாணமாகி, புருஷன் கப்பலில் வேலைக்குப் போய்விட, அம்மாவோடு இருக்கிறாள். முதல் கர்ப்பம் ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போயிற்று. அப்போது எல்லோரும் கிணற்றுத் தண்ணீரைத்தான் அப்படியே குடித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா, "தண்ணியினாலயும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அடுத்த தடவை கவனமா இருங்க" என்றார். அந்த 'இருக்கலாம்' சின்னவளின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. இப்போது குட்டிக்கு மறுபடியும் நாலாவது மாதம். இந்தப் பிள்ளை தங்கவேண்டும். அக்கா, தங்கை, குட்டி மூன்று பேருக்கும் வேறு நினைப்பில்லை.

கிணற்றில் ஆர்சனிக் லிட்டருக்கு நூறு மைக்ரோகிராம். பத்துக்குள் இருக்கவேண்டும். தெருவில் மற்ற வீடுகளில் வடிகட்டியிலிருந்து வருவது நாலு, ஐந்து என்று சமர்த்தாக இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்த வாளிகளிலெல்லாம் நாலு, ஐந்து. சின்னவளின் வீட்டு வாளியில்கூட, அவள் புருஷன் கிரீஸ் கையோடு குழாயைத் திறக்கிறவர், பஸ் மெக்கானிக், அதிலேயே ஐந்துதான். பளபளவென்று கண்ணாடி மாதிரி இருக்கும் பெரியவள் வீட்டு வாளியில் மட்டும் நாற்பது.

சின்னவள் முதலில் மெஷின்மேல் சந்தேகப்பட்டாள். சாம்பிள் பாட்டிலைத் திரும்ப ஓட்டினாள். நாற்பதுதான். அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அந்த வாளியை நோண்டினியா?"

"நான் ஏன் நோண்டறேன்? உன் வாளியை நான் ஒண்ணும் பண்ணல. சுத்தமாத்தான் வெச்சிருக்கேன்."

"சரி. வியாழக்கிழமை இன்னொரு சாம்பிள் எடுக்க வர்றேன். ஆபீஸ்லேருந்து ஒருத்தர் கூட வருவார்."

"ஆபீஸ்லேருந்தா? சொன்னியே, நல்லவேளை" என்றாள் பெரியவள்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். பெரியவள் வீட்டுக்குச் சொல்லாமல் யாரும் போகமுடியாது. ஒருமுறை சின்னவள் அந்தப் பக்கம் வந்தவள் சும்மா எட்டிப் பார்த்தாள். கூடத்தில் துவைத்த துணி மடிக்காமல் கிடந்தது. அதை இவள் பார்த்துவிட்டாளாம். ஒரு வாரம் பெரியவள் பேசவில்லை. "வர்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா? இது என்ன சத்திரமா?" என்று பிறகு ஒரு பாட்டு. அதிலிருந்து சின்னவள் முந்தின நாளே போன் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் போவாள். அதுவரைக்கும் ஒருமுறைகூட அது தவறியதில்லை.

வியாழக்கிழமை எடுத்த சாம்பிள் எழுபது.

சின்னவளுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. உரத்தில் இருக்கும் பாஸ்பேட் ஆர்சனிக்குக்குப் பங்காளி மாதிரி, களிமண்ணில் அதே இடத்துக்குப் போட்டி போடும். ஒருவேளை கிணற்றுக்குள் உரத்தண்ணீர் இறங்குகிறதோ என்று தெருக்கோடியில் தோட்டம் போட்டிருப்பவரிடம் சண்டைக்குப் போனாள். அவர், "நான் உரம் போட்டு மூணு வருஷமாச்சு மேடம், விளையறதே இல்ல, வேணும்னா வந்து பாருங்க" என்று காய்ந்த பாத்திகளைக் காட்டினார். அப்படியே உரம் இறங்கினாலும், அதே கிணற்றுத் தண்ணீர்தானே பக்கத்து வீட்டுக்கும் போகிறது? அங்கே மட்டும் எப்படி நாலு? தனக்கே இது தோன்றியிருக்க வேண்டும் என்று அவள் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

பழைய குருணையை அள்ளி எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்பினாள். எடுத்த குருணையைப் பார்த்தால் சிவப்பே இல்லை, வெளிறிப்போய்க் கிடந்தது. அப்படியா சேதி என்று ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு நேராகச் சூளைக்காரரிடம் போனாள்.

"என்ன அண்ணே சுடறீங்க? பூச்சு பூரா உதிர்ந்து போயிருக்கு. பாதி வேக்காட்டுல எடுத்துடறீங்களா?"

சூளைக்காரர் குருணையைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். "என் சூளையிலேருந்து போனதுதான். ஆனா இப்படிப் போகலம்மா. எல்லா வீட்டுக்கும் ஒரே சூளைதானே? அவங்க வீட்டுக்கு மட்டும் தனியா அடுப்பா மூட்டறேன்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. இன்னும் நல்லாச் சுடுங்க."

"சுடறேன். நீங்களும் கொஞ்சம் ஆறுங்க" என்றார் அவர்.

புதுக் குருணை போட்டு ஒரு வாரம் கழித்து, முறையாகப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, சாம்பிள் எடுத்தாள். நூற்றுப் பத்து. கிணற்றுத் தண்ணீரே நூறுதான். வடிகட்டிக்குள் போவதைவிட வருவதில் விஷம் கூடுதல். இது எந்த ஊர் நியாயம்? கொடுத்த கைமாற்றைவிடக் கூடுதலாக யாராவது திருப்பிக் கொடுப்பார்களா?

ஆபீசில் இன்ஜினியர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "பேசாம உங்க களிமண்ணைத் தூக்கிப் போட்டுட்டு வேற வழி பார்க்கலாமே" என்றார்.

"ஒரு வீட்டுலதான் சார் தப்பு வருது. மத்த எல்லா வீட்லயும் சரியா இருக்கு."

"அந்த ஒரு வீடு உங்க அக்கா வீடாச்சே. உங்க மேற்பார்வையிலயே இப்படின்னா?"

சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். இன்ஜினியர் கிடக்கிறார், குட்டி அந்தத் தண்ணீரையல்லவா குடிக்கிறாள்? அன்றைக்கே அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: குட்டி அந்த வாளித் தண்ணீரைத் தொடக்கூடாது, குடிக்கச் சமைக்க எல்லாவற்றுக்கும் தன் வீட்டு வடிகட்டித் தண்ணீரைக் கேனில் அனுப்புகிறேன்.

பெரியவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "என் வீட்டுத் தண்ணி ஆகாது, உன் வீட்டுத் தண்ணி ஆகுமா? உன் வீட்டு சிங்க்கை நான் பார்த்திருக்கேன்டி."

"சிங்க்கையா குடிக்கப் போறா? சொன்னதைக் கேளுக்கா."

"சரி சரி, அனுப்பு. நான் பார்த்துக்கறேன்."

அன்றிலிருந்து மெக்கானிக் தினமும் வேலைக்குப் போகிற வழியில் பைக்கில் ஒரு கேன் கொண்டுபோய் வைத்தார். "உங்க அக்கா கேனை வாங்கறப்ப ரெண்டு விரலால பிடிக்கறாங்க, செத்த எலியைப் பிடிக்கற மாதிரி" என்று வந்து சொன்னார். சிரிக்கிற நிலையில் சின்னவள் இல்லை.

ஆறாவது மாதத்தில் டாக்டரம்மா குட்டியின் சிறுநீரைச் சோதிக்கச் சொன்னார். உள்ளே போகும் ஆர்சனிக்கில் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும். நல்ல தண்ணீர் குடிக்க ஆரம்பித்தால் சில நாட்களிலேயே அளவு இறங்கிவிடும். குட்டிக்கு இறங்கவில்லை, நாலாம் மாதத்தில் பார்த்ததைவிட ஏறியிருந்தது. பிள்ளையின் வளர்ச்சியும் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. குட்டி அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, "சித்தி, இதுவும் போயிடுமா?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள், பஸ் போயிடுமா என்பது மாதிரி. சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாது. நான் இருக்கேன்ல?" என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, என்ன செய்யவேண்டும் என்று ஒரு எழவும் தெரியவில்லை. தன் வீட்டுத் தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சோதித்தாள். ஐந்து. கேனைச் சோதித்தாள். ஐந்து. பிறகு எங்கிருந்துதான் வருகிறது? வெளியே எங்காவது குடிக்கிறாளா என்றால், குட்டி வீட்டைவிட்டு நகர்வதே இல்லை. அக்கா வீட்டில் இரண்டு நாளைக்கு ஒருமுறை சாம்பிள் எடுக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு முறையும் முந்தின நாள் போன். வாளியிலிருந்து வந்த அளவு நூறுக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்றது.

குட்டி தலைமாட்டில் வைத்துக் குடிக்கும் டம்ளர் தண்ணீரையே எடுத்துப் பார்த்துவிடுவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை முடிவு செய்தாள். "நாளைக்குக் காலையில வர்றேன்க்கா" என்று மத்தியானம் போன் போட்டாள். போட்டு ஒரு மணி நேரத்தில் ஆபீசில் கரண்ட் போயிற்று. மெஷின் இல்லாமல் அங்கே உட்கார்ந்து ஈ ஓட்டுவதற்குப் பதில், டம்ளர் தண்ணீரை இன்றைக்கே எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றியது. திட்டினால் திட்டட்டும் என்று ஸ்கூட்டரை எடுத்தாள்.

வாசல் கதவு திறந்திருந்தது. செருப்பை ஜோடியாக, மூக்கு வெளியே பார்க்க வைத்துவிட்டு உள்ளே போனாள். குட்டி அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். வடிகட்டி இருக்கும் மூலையில் மேல் வாளியைக் காணோம். பின்கட்டிலிருந்து சரக் சரக்கென்று சத்தம் வந்தது.

பின்கட்டில் பெரியவள் ஒரு சின்ன முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்தாள். முன்னால் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப், அதில் ஆவி பறக்கும் தண்ணீர், பக்கத்தில் பிரித்த சலவை சோடாப் பாக்கெட். டப்புக்குள் குருணையைப் போட்டு, அரிசி களைகிற மாதிரிக் களைந்து, பிறகு நாரை எடுத்து அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். டப்புத் தண்ணீர் செக்கச்செவேலென்று இருந்தது.

"அக்கா!"

பெரியவள் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினாள். "அய்யய்யோ, நாளைக்குத்தானே வர்றேன்னே! இன்னும் பாதிகூட முடியலையேடி!"

"என்ன பண்ணிட்டிருக்கே?"

"பார்த்தா தெரியல? கழுவறேன். உள்ளே என்ன சேறு தெரியுமா? எத்தனை தடவை தேய்ச்சாலும் செவப்பு விட்டுக்கிட்டே இருக்கு. ஆபீஸ்காரங்க வந்து மூடியைத் திறந்து பார்த்தா என்ன நினைப்பாங்க? களிமண் மேடத்தோட அக்கா வீடு இந்த லட்சணத்துல இருக்குன்னு சொல்லமாட்டாங்க?"

சின்னவள் டப்பை எட்டிப் பார்த்தாள். பிறகு வெடித்தாள்.

"அது சேறு இல்லக்கா! அந்தச் செவப்புதான் வேலையே செய்யுது! அதுமேலதான் விஷம் போய் ஒட்டுது. அதைத் தேய்ச்சு எடுத்துட்டு வெறும் மண்ணை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவே? போதாததுக்கு சோடா வேற! சோடாத் தண்ணி பட்டா ஒட்டினதெல்லாம் பிடியை விட்டுட்டு திரும்பத் தண்ணிக்கே வந்துடும். கிணத்துல இருக்கறதைவிட அதிகமா வரும். நோண்டாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, உனக்கு என்ன கேடு?"

"கத்தாதே. உள்ளே வயித்துப் புள்ளக்காரி தூங்கறா."

"தூங்கறாளா! அவளுக்காகத்தானே கத்தறேன்! நோண்டினியான்னு கேட்டப்ப என்ன சொன்னே?"

"நோண்டலையே. சுத்தம் பண்ணினேன். சுத்தம் பண்றது எப்படி நோண்டறது ஆகும்?" பெரியவள் உண்மையாகவே புரியாமல் கேட்டாள். "நோண்டாதே நோண்டாதேன்னு அதட்டிட்டுப் போவியே தவிர, அந்தச் செவப்புதான் வேலை செய்யுதுன்னு ஒரு நாளாவது வாயைத் திறந்து சொன்னியா?"

சின்னவள் பேச்சை மாற்றி, "நான் அனுப்பற கேன் தண்ணியையாவது குட்டிக்கு அப்படியே கொடுக்கறியா?" என்று கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"அப்படியே எப்படிக் கொடுக்கறது? உன் வீட்டுக்காரர் அதைத் தெருப் புழுதியில பைக்ல கட்டிக்கிட்டு வர்றார். அந்தக் கேனோட வாயைப் பார்த்திருக்கியா நீ? இந்த வாளியில ஒரு தடவை ஊத்தி வடிகட்டித்தான் கொடுப்பேன். அவ புள்ளத்தாச்சி ஆச்சே."

சின்னவள் அப்படியே பின்கட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள். நல்ல தண்ணீரை எடுத்து விஷத்துக்குள் ஊற்றி, அதைப் பெற்ற பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறாள். அதுவும் பாசத்தோடு. தலையில் அடித்துக்கொண்டாள். யார் தலையில் அடிப்பது என்று தெரியாததால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

"தினமுமா கழுவினே?"

"தினமும் கழுவ எனக்கென்ன வேற வேலை இல்லையா? நீ வர்றேன்னு போன் பண்ணினா மட்டும்தான். மொத நாளே கழுவி வெச்சுடுவேன். உன் மானம் போகக்கூடாதுல்ல."

அதைக் கேட்டதும்தான் சின்னவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். நீ வர்றேன்னு போன் பண்ணினா மட்டும்தான். முதலில் எப்போதோ ஒருமுறை வந்தாள், நாற்பது. அடிக்கடி வந்தாள், எழுபது. இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்தாள், நூறுக்கு மேல். ஏன் ஏறுகிறது ஏன் ஏறுகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டு இன்னும் இன்னும் வந்தாள், வருவதற்கு முன் ஒவ்வொரு முறையும் மரியாதையாகச் சொல்லிவிட்டு. அவள் சோதிக்காமலே இருந்திருந்தால் அந்த வாளி பக்கத்து வீட்டு வாளி மாதிரி நாலோ ஐந்தோ என்று பேசாமல் வேலை செய்துகொண்டிருந்திருக்கும்.

பெரியவள் நாரைக் கீழே போட்டாள். தங்கச்சியின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு மெல்ல மெல்ல விளங்க ஆரம்பித்தது. சிவந்த டப்பையும் தன் கையையும் பார்த்தாள்.

"அப்போ நான்தானாடி? என் கையாலதான் அவளுக்குக் கொடுத்தேனா?"

இல்லைக்கா, நானும்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. சூளைக்காரரிடம் போட்ட சண்டை, தோட்டக்காரரிடம் போட்ட சண்டை, இன்ஜினியர் முன்னால் கடித்த பல், எல்லாம் சேர்ந்து அந்த வார்த்தையை மறித்துக்கொண்டு நின்றன. "பின்னே யாரு?" என்றாள் சின்னவள். சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய், குட்டியை எழுப்பி, ஒரு பையில் துணியை எடுத்து வைத்து, ஸ்கூட்டரில் ஏற்றித் தன் வீட்டுக்கு மெதுவாகக் கூட்டிக்கொண்டு போனாள். பெரியவள் வாசல்வரைக்கும் வந்தாள்.

சின்னவள் வீட்டுத் தண்ணீரில் குட்டியின் அளவு இறங்கியது. அடுத்த சோதனையில் பாதி, அதற்கடுத்ததில் இன்னும் குறைவு. பிள்ளை மெதுவாக வளர்கிறது, ஆனால் வளர்கிறது என்றார் டாக்டரம்மா. எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்டதற்கு மட்டும், "பிறந்தபிறகுதான் தெரியும்" என்றார். சின்னவள் சூளைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். இன்ஜினியரிடமும் நடந்ததைச் சொன்னாள். அவர், "சுத்தமா இருந்ததுதான் தப்பா?" என்று நம்பாமல் சிரித்தார். அதன்பிறகு ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, அந்தச் சிவப்பு எதற்கு என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். வேறு யாருக்கும் சொல்ல வாய் வந்தது, அக்காவுக்குச் சொல்லவேண்டியதற்கு மட்டும் வரவில்லை.

பெரியவள் தினமும் வந்தாள். வந்து வாசலிலேயே நின்று, "குட்டி சாப்பிட்டாளா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள். உள்ளே வா என்றால் வரமாட்டாள். எதையும் கொண்டுவருவதும் இல்லை, தன் கையால் எதையும் தொட்டுக் கொடுப்பதும் இல்லை. சின்னவள் வீட்டு சிங்க்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவே ஒரு மாதிரியாக இருந்தது.

ஒருநாள் மெக்கானிக் சாப்பிட்டுக்கொண்டே, "உங்க அக்கா வீட்டு ஜன்னல்ல தூசி படிஞ்சிருக்கு" என்றார்.

"சும்மா சொல்லாதீங்க."

"என் கண்ணால பார்த்தேன். விரலால கோடு போட்டேன், கோடு விழுந்துச்சு. அவங்க பார்த்துட்டு ஒண்ணுமே சொல்லல." அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. "நீ போய் ஏதாவது பேசு. எனக்கு அந்த வீட்டுக்குள்ள இப்போ செருப்போட போனாலும் கேட்கமாட்டாங்கபோலத் தோணுது. நல்லாவே இல்ல."

போகிறேன் போகிறேன் என்று நாளைக் கடத்தினாள் சின்னவள். அதற்குள் குட்டிக்கு வலி எடுத்துவிட்டது, நாளுக்குக் கொஞ்சம் முன்னாலேயே.

பிள்ளை பிறந்தது காலையில். பெண். எடை குறைச்சல்தான், அழுகையில் மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை, தாழ்வாரத்தின் அந்தக் கோடிவரைக்கும் கேட்டது. கையும் காலும் கண்ணும் சரியாக இருக்கிறது, கொஞ்ச நாள் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார். குட்டி அயர்ந்து தூங்கினாள். நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "பாட்டி யாரு?" என்று கேட்டாள்.

பெரியவள் சுவரோரமாக நகர்ந்தாள். "அவகிட்ட கொடுங்க" என்று தங்கச்சியைக் காட்டினாள்.

சின்னவள் வாங்கிக்கொண்டாள். துணிப்பொட்டலம் மாதிரி லேசாக இருந்தது. அதைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். "பிடிக்கா."

"வேண்டாம். நீயே வெச்சுக்க."

"ஒரு நிமிஷம் பிடி."

"வேண்டாம்னு சொல்றேன்ல? என் கையால கொடுத்ததெல்லாம் போதும். இதையாவது நான் தொடாம இருக்கேன்." பெரியவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள், திருடிவிட்டு மறைக்கிற குழந்தை மாதிரி. கண்ணிலிருந்து தண்ணீர் பாட்டுக்கு வழிந்தது. துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

சின்னவளுக்கு வந்ததே ஒரு கோபம். அக்காமேலா, தன்மேலேயா, இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்த தன் திமிர்மேலா, தெரியவில்லை. ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்தினாள்.

"லூசாக்கா நீ? கழுவினது நீ. கழுவ வெச்சது யாரு? நான் வர்றேன் வர்றேன்னு போன் பண்ணாம இருந்திருந்தா நீ அந்த வாளியைத் தொட்டிருக்கவே மாட்டே. அளவு ஏறுது ஏறுதுன்னு நான்தான் ஓடி ஓடி வந்தேன், நான் வர வர நீ கழுவினே. அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உன்னை அழவிட்டுட்டு வேடிக்கை பார்த்தேன். உன் தங்கச்சி பண்ணின வேலை இது, போதுமா? பாதி என்னோடது. இப்போ பிடி இதை, கை வலிக்குது எனக்கு!"

"மேடம், இது ஆஸ்பத்திரி" என்றாள் நர்ஸ்.

"தெரியும்! பிடிக்கா!"

பெரியவள் வாயைப் பிளந்து தங்கச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்து கை மெதுவாக முன்னால் வந்தது. சின்னவள் பிள்ளையை அந்தக் கையில் வைத்தாள். வைத்துவிட்டும், விழுந்துவிடுமோ என்று கையை அடியிலேயே வைத்திருந்தாள். பெரியவள் பிள்ளையின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள். துணியைக் கொஞ்சம் விலக்கி, காதுக்குப் பின்னால் பார்த்தாள். புருவம் நெறிந்தது.

"என்னடி இது, காதுக்குப் பின்னாடி சரியாத் துடைக்கவே இல்லையே இவங்க?"

சின்னவள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள்.